எழுபதிலும் மிதிக்கலாம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மூத்தவர்களின் மிதிவண்டிப் பழக்கம் குறித்துக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வந்தவை. மேடு பள்ளம் அதிகம் இல்லாமல், ஆற்றங்கரையும் வாய்க்கால் கரையுமே சாலையாகிவிட்ட மண் இது. இங்கே ஐம்பது ஆண்டுகளாக மிதிப்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, 76 வயதிலும் வாரத்தில் நான்கு நாள் மிதிவண்டி ஓட்டுகிறவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். மருந்துகள் தொடர்பான இடங்களில் உங்கள் மருத்துவரின் சொல்லே இறுதியானது.

கேள்வி: எனக்கு வயது 73. திருவையாற்றிலிருந்து காவிரிக் கரைச் சாலையில் திருக்காட்டுப்பள்ளி வரை வாரத்தில் மூன்று நாள் சைக்கிளில் சென்று திரும்புவேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஓட்டலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் சென்னையில் இருக்கும் மகன், "இந்த வயதில் எதற்கு அப்பா, வாசலில் நடந்தால் போதாதா?" என்று தடுக்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: உங்கள் மகனின் அச்சம் அன்பிலிருந்து வருவது, அதைத் தட்டிவிட வேண்டாம். ஆனால் ஓட்டுவதில் இருக்கும் ஆபத்தை எண்ணுகிறவர், நிறுத்துவதால் வரும் இழப்பையும் சேர்த்தே எண்ண வேண்டும். லண்டன் கிங்ஸ் கல்லூரியையும் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், 55 முதல் 79 வயது வரையிலான 125 மிதிவண்டி ஆர்வலர்களை ஆராய்ந்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆண்கள் 100 கிலோமீட்டரை ஆறரை மணி நேரத்துக்குள்ளும் பெண்கள் 60 கிலோமீட்டரை ஐந்தரை மணி நேரத்துக்குள்ளும் கடக்க வேண்டும் என்பது அதில் சேர்வதற்கான நிபந்தனை. வயதானால் குறைந்தே தீரும் என்று நாம் நம்பிவந்த தசையின் அளவும் வலுவும் அவர்களிடம் பெரிதாகக் குறையவில்லை. நோயை எதிர்க்கும் டி அணுக்களை உருவாக்கும் தைமஸ் சுரப்பி இளையவர்களிடம் இருப்பதைப் போலவே செயல்பட்டது. அதே சமயம், புகைப்பவர்களையும் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். ஸ்டென்ட் வைத்துக்கொண்ட உங்களுக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. உங்களுக்குரிய அளவை உங்கள் உடலே சொல்லும்.

அந்த அளவை அறிவது எளிது. மிதித்துக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரியானது. இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழித்தால் உச்ச நாடித்துடிப்பு தோராயமாகக் கிடைக்கும், உங்களுக்கு அது 157 என்று சொல்வார்கள். ஆனால் ஸ்டென்ட் வைத்தவர்கள் பலருக்கும் கொடுக்கப்படும் மெட்டோபுரோலால் போன்ற மாத்திரைகள் துடிப்பை உயரவிடாமல் பிடித்து வைப்பதால், கைக்கடிகாரம் காட்டும் எண்ணைவிட உங்கள் பேச்சையே நம்புங்கள். முதல் பத்து நிமிடமும் கடைசிப் பத்து நிமிடமும் மெதுவாக மிதியுங்கள். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் "வீடு வரை போய்விடலாம்" என்று எண்ணாமல் அங்கேயே இறங்கி உட்கார்ந்து, உதவிக்கு ஆள் அழையுங்கள்.

உங்களுக்கு இரத்தத்தை இளக்கும் மாத்திரை இருக்கும். அதை உண்பவர்களுக்குத் தலையில் சிறிய அடி பட்டாலும் உள்ளே இரத்தம் கசியக் கூடும் என்பதால், தலைக்கவசம் இல்லாமல் தெருமுனைக்குக்கூடச் செல்லக் கூடாது. விழுந்து தலை மோதினால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாத்திரைகளின் பெயரையும் மகனின் தொலைபேசி எண்ணையும் எழுதிய சீட்டு ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். புறப்படும்போதும் திரும்பியதும் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். என் மகளுக்கு நான் அப்படித்தான் சொல்கிறேன். அதன் பிறகு அவள் என்னைத் தடுத்ததில்லை.

கேள்வி: 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது, என் 36-ஆவது வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டேன். இப்போது எழுபதைக் கடந்து, ஒரத்தநாட்டில் மகள் வீட்டில் இருக்கிறேன். கடைக்கும் கோயிலுக்கும் சைக்கிளில்தான் செல்கிறேன். ஆனால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் விழுந்துவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள், அம்மா. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று நடத்திய அந்த இயக்கத்தில் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி கற்றதை நாங்கள் பக்கத்து மாவட்டத்திலிருந்து வியந்து பார்த்தோம். அப்படி வந்த பழக்கத்தை முழங்கால் வலிக்காக இழக்க வேண்டியதில்லை. குறை பெரும்பாலும் வண்டியில்தான் இருக்கும்.

முதலில் சீட்டின் உயரத்தைப் பாருங்கள். கால் தரையில் நன்றாக ஊன்ற வேண்டும் என்பதற்காக வயதானவர்கள் சீட்டை இறக்கி வைத்துக்கொள்வார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மேல் மடங்கி, முழங்கால் சில்லின் பின்புறம் அழுத்தம் ஏறும். முன்பக்கம் வலிப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்காலில் இலேசான மடிப்பு மட்டுமே இருக்கும். ஒரே நாளில் உயர்த்தாமல் வாரத்துக்கு ஒரு விரற்கடையாக உயர்த்துங்கள். இரண்டாவதாக, மிதி கனமாக இருந்தால் சைக்கிள் கடையில் பின்சக்கரத்தின் பிரீவீலை மாற்றித் தரச் சொல்லுங்கள். 18 பல் உள்ளதை எடுத்துவிட்டு 20 அல்லது 22 பல் உள்ளதைப் போட்டால், வேகம் சற்றுக் குறைந்தாலும் முழங்காலின் சுமை தெளிவாகக் குறையும். செயினில் ஓரிரு கண்ணி சேர்க்க வேண்டியிருக்கலாம். செலவும் அதிகம் ஆகாது. கியர் வண்டி வாங்குங்கள் என்று எல்லோருக்கும் அறிவுரை சொல்கிறவர்கள் இந்த எளிய வழியை ஏன் சொல்வதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

ஏறி இறங்கும் பயம் நியாயமானது. மூத்தவர்கள் பலர் ஓடும் வண்டியிலிருந்து விழுவதில்லை. நின்றுகொண்டிருக்கும் வண்டியோடு சாய்கிறார்கள். குறுக்குக் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிளே உங்களுக்கு ஏற்றது. ஆண்களும் எழுபதுக்குமேல் தயங்காமல் அதற்கு மாற வேண்டும் என்பது என் கருத்து. சீட்டு உயர்ந்திருப்பதால், நிற்பதற்கு முன்பே சீட்டைவிட்டு முன்னால் நகர்ந்து ஒரு காலைத் தரைக்குக் கொண்டுவரப் பழகுங்கள். நம் சாலைகளில் எங்கு பார்த்தாலும் மதகு இருக்கிறது. அதன் கட்டையையொட்டி வண்டியை நிறுத்தி, ஒரு காலை அதன்மேல் ஊன்றி ஏறினால் தடுமாற்றமே இருக்காது. வாங்கிய சாமானை ஹேண்டில்பாரில் தொங்கவிடாமல், கேரியரின் இரு பக்கமும் சமமாகக் கட்டுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 78, ஊர் மன்னார்குடி. அறுபது ஆண்டுகளாக சைக்கிள் மிதிக்கிறேன். அப்படியிருந்தும் எலும்பின் அடர்த்தி குறைந்துவிட்டது என்று பரிசோதனையில் சொல்கிறார்கள். இது எப்படி?

பதில்: உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது, ஐயா. மிதிவண்டி இதயத்துக்கும் தசைக்கும் நல்லது செய்கிறது, எலும்புக்கு அவ்வளவாகச் செய்வதில்லை. உடலின் எடையைச் சீட்டு தாங்கிக்கொள்வதால், எலும்பு வலுப்படுவதற்குத் தேவையான தாக்கம் அதற்குக் கிடைப்பதில்லை. நெடுந்தொலைவு ஓட்டும் வீரர்களுக்கே முதுகெலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே ஓட்டாத நாட்களில் விரைவாக நடங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரருகே நின்று ஒற்றைக் காலில் சமநிலை பழகுங்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வலுவுக்கும் சமநிலைக்குமான பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. உணவையும் கவனியுங்கள். மூத்தவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் நாள்தோறும் வேண்டும். இட்லியும் நீர்த்த சாம்பாரும் அதைத் தராது. சுண்டல், தயிர், முட்டை, மீன் என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது சேர வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். அடர்த்தி குறைந்த எலும்புக்கு உங்கள் மருத்துவர் மருந்து எழுதினால் தட்டாமல் சாப்பிடுங்கள்.

கேள்வி: வெயில், காற்று, மழை என்று நம் பகுதியின் பருவங்களுக்கு ஏற்ப எப்படி ஓட்டுவது? (70 வயது வாசகர், குத்தாலம்)

பதில்: ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று டெல்டா வரை வீசும். அந்த மாதங்களில் மேற்கு நோக்கிப் புறப்பட்டு, களைத்துத் திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐப்பசியிலிருந்து வாடைக்காற்று என்பதால் திசையை மாற்ற வேண்டும். கத்திரி வெயிலில் காலை எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுவது நல்லது. வயதானால் தாக உணர்வு மங்கிவிடுவதால், தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் கால் மணிக்கு ஒருமுறை சில மடக்கு குடியுங்கள். நீராகாரமும் மோரும் நல்லவை. இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உண்பவர்கள் கோடையில் எவ்வளவு நீரும் உப்பும் சேர்க்கலாம் என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள் இளநீரிலும் கவனமாக இருக்க வேண்டும். அதில் பொட்டாசியம் மிகுதி.

நான் மிகவும் அஞ்சுவது அறுவடைக் காலத்தைத்தான். குறுவை அறுப்பின்போதும், தை, மாசியில் சம்பா அறுப்பின்போதும் பாதிச் சாலையில் நெல் காயும். வைக்கோலும் சிதறிக் கிடக்கும். காய்ந்த நெல்மேல் சக்கரம் ஏறினால் குண்டுமணிமேல் ஏறியதைப் போல வழுக்கும். ஆறு ஆண்டுகளுக்கு முன், எதிரே வந்த பேருந்துக்கு ஒதுங்கும்போது பனியில் நனைந்த வைக்கோலில் முன்பிரேக்கைப் பிடித்துவிட்டு வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். நெல்லைக் கண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் ஹேண்டிலைத் திருப்பாமல், பிரேக்கைத் தொடாமல் நேராகச் செல்லுங்கள்.

கேள்வி: வயது 71. மருமகன் வாங்கித் தந்த கியர் சைக்கிளில் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் வரை எளிதாகச் சென்று வருகிறேன். குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணமான பிரவேயில், 200 கிலோமீட்டருக்குக் கலந்துகொள்ளும் ஆசை தகுமா?

பதில்: தாராளமாகத் தகும். 200 கிலோமீட்டர் பிரவேயை முடிக்க 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள். அது போட்டி அல்ல. நேரத்துக்குள் முடிப்பதே நோக்கம். போய் வர 80 கிலோமீட்டர் வரை ஓட்டும் உங்களுக்கு ஆறு மாதப் பயிற்சி போதும். வாரத்தின் நீண்ட பயணத்தை மட்டும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு நான்காவது வாரமும் குறைத்துவிடுங்கள். பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கு பேச்சு தடைப்படாத வேகத்தில் இருக்கட்டும். நம் வயதில் களைப்பு தீர இரண்டு நாள் ஆகும் என்பதால், நீண்ட பயணத்துக்கு மறுநாள் ஓட்ட வேண்டாம். கண்புரை இருந்தால் எதிர்வரும் விளக்கொளி கூசும். பொழுது சாய்ந்தபின் ஓட்டுவதற்கு முன் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புராஸ்டேட் சோதனைக்கு இரத்தம் கொடுக்கும் முன் சைக்கிள் ஓட்டலாமா? (74 வயது, சீர்காழி)

பதில்: இரண்டு நாள் முன்பிருந்தே ஓட்டாதீர்கள், அழுத்தத்தால் அந்தச் சோதனையில் பார்க்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவு உயர்ந்து காட்டக்கூடும். ஓட்டும்போது தொடையிடுக்கு மரத்துப்போனால் சீட்டின் மூக்கைச் சிறிது தாழ்த்தியோ சீட்டை மாற்றியோ பாருங்கள்.

கேள்வி: எனக்கு 80 வயது. திருவாரூரில் கமலாலயத்தின் அருகே வீடு. முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு நான்கு ஆண்டுகளாக சைக்கிளைத் தொடவில்லை. மறுபடியும் தொடங்க முடியுமா?

பதில்: பிரான்சு நாட்டின் இராபர்ட் மர்சான் இளமையில் விட்ட மிதிவண்டியை அறுபதைக் கடந்தபின் மறுபடியும் எடுத்தவர். தம் 100-ஆவது வயதில், 2012-இல், ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டினார். இரண்டு ஆண்டு பயிற்சிக்குப் பின் 2014-இல் அதை 26.927 ஆக உயர்த்தினார். உங்களையும் என்னையும் அவரோடு ஒப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. நூறு வயதிலும் உடல் பயிற்சிக்கு இணங்குகிறது என்றால், 80-இல் இணங்காது என்று யாரும் முடிவு கட்டக் கூடாது.

செயற்கை மூட்டு உள்ளவர்களுக்கு மிதிவண்டி பொதுவாக ஏற்ற பயிற்சியே. முழங்கால் 110 பாகை அளவுக்கு மடங்குகிறதா என்பதை மட்டும் மருத்துவரிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மடங்கினால், நிலையாக நிற்கும் பயிற்சி சைக்கிளில் ஒரு மாதம், நாளுக்குப் பத்து நிமிடத்தில் தொடங்கி அரைமணி வரை பழகுங்கள். பழைய வண்டியின் டயரும் ட்யூபும் பிரேக் கட்டையும் நான்கு ஆண்டில் இறுகியிருக்கும். மூன்றையும் மாற்றி, சக்கரத்தின் கோட்டம் எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, வண்டிகள் வரத் தொடங்கும் முன்பு, கமலாலயத்தின் ஒரு கரையில் மட்டும் பேரனையோ அண்டை வீட்டாரையோ உடன் வரச் செய்து ஓட்டிப் பாருங்கள். மூன்று வாரம் ஒரே கரையில் தடுமாறாமல் ஓட்டிய பிறகு நான்கு கரையையும் சுற்றலாம். சுற்றி முடித்ததும் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.