கான்ஃபரன்ஸ் என்றால் என்ன, அதில் யார் பேச்சு எடுபடும்?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ‘பிக் டென்’, ‘பேக்-12’ என்கிறார்களே, அந்தக் கான்ஃபரன்ஸ் என்னதான் செய்கிறது, யார் நடத்துகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பேரைக் கேட்டால் ஏதோ கருத்தரங்கு மாதிரி இருக்கும், ஆனால் அது பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட ஒரு சங்கம். நாடு முழுவதற்குமான பொது விதிகளை என்சிஏஏ என்ற தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பு போடும். யார் யாரோடு எப்போது ஆடுவது என்ற அட்டவணை, நடுவர்கள், சாம்பியன் பட்டம், முக்கியமாக டிவி ஒப்பந்தமும் அதில் வரும் பணத்தைப் பிரிப்பதும் கான்ஃபரன்ஸ் கையில். டிவியில் தெரிவது கான்ஃபரன்ஸின் நிர்வாகியான கமிஷனர் முகம்தான், ஆனால் அவர் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். ஓட்டு, போர்டில் உட்காரும் பல்கலைக்கழகத் தலைவர்களிடம் இருக்கிறது.

அந்த ஓட்டின் மதிப்பு பேக்-12இல் தெரிந்தது. 12 உறுப்பினர்களில் 10 பேர், 2024இல் வேறு கான்ஃபரன்ஸ்களுக்குக் கிளம்பப் போவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். மிஞ்சியவை ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும். சரி, போகிறவர்களே போர்டில் உட்கார்ந்து கஜானாவைப் பிரித்துக்கொண்டால்? விலகல் நோட்டீஸ் கொடுத்தவருக்கு போர்டில் இடம் கிடையாது என்று சங்க விதியில் இருந்ததைப் பிடித்துக்கொண்டு, 2023இல் இருவரும் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார்கள்.

போனவர்களில் நாலு பேர் பிக் டென்னில் சேர்ந்தார்கள். 1896இல் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதிக் கல்லூரிகள் சிகாகோவில் கூடி ஆரம்பித்தது அது. பெயரில்தான் பத்து, இப்போது 18 பேர். நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் லாஸ் ஏஞ்சலிஸின் யூசிஎல்ஏவும் இன்று ஒரே கான்ஃபரன்ஸ், நடுவில் ஒரு கண்டமே கிடக்கிறது!