பீஸ் பாக்கிக்காக கம்பெனியைக் கலைக்க முடியுமா?

கேள்வி: நான் ஒரு வழக்கறிஞர். ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்காக ஐந்து வருடங்கள் வழக்கு நடத்தினேன். பீஸ் பாக்கி 18 லட்சம் ரூபாய். பில்களை மின்னஞ்சலில் அனுப்பினால், "அடுத்த மாதம் தருகிறோம்" என்றுதான் பதில் வருகிறது. கம்பெனி இப்போது ஏறக்குறைய திவால். வேறு வக்கீலை வைத்துக்கொள்ளப் போவதாகச் சொல்லி கேஸ் கட்டுகளைக் கேட்கிறார்கள். கம்பெனியைக் கலைக்கச் சொல்லி மனுப் போடலாமா? பணம் வரும்வரை கட்டுகளைப் பிடித்து வைக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் உங்களுக்கு ஆபத்து இருக்கிறது. கட்டுகளைக் கொடுத்துவிடுங்கள். பீஸ் பாக்கிக்காக கட்சிக்காரரின் ஆவணங்களை வக்கீல் பிடித்து வைக்க முடியாது என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருப்பித் தராமல் இருப்பது தொழில்முறைத் தவறு. பணம் கேட்கப் போய் பார் கவுன்சிலில் பதில் சொல்லும் நிலை எதற்கு? நகல் எடுத்துக்கொண்டு, பட்டியல் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். உங்களுக்குப் பணம் வாங்கித் தரப்போவது கட்டுகள் இல்லை, அந்த மின்னஞ்சல்கள்தான்.

சரி, கம்பெனியைக் கலைக்கும் விஷயத்துக்கு வருவோம். 1956-ஆம் வருட கம்பெனிகள் சட்டத்தில் 500 ரூபாய்க்கு மேல் கடன் இருந்தாலே நோட்டீஸ் அனுப்பி, மூன்று வாரம் பொறுத்து, உயர் நீதிமன்றத்தில் கலைப்பு மனுப் போடலாம். மூத்த வக்கீல்கள் பலர் இன்னும் அந்த நினைப்பிலேயே பேசுவார்கள். இப்போது 'கடனைக் கட்ட முடியவில்லை' என்ற காரணமே கம்பெனிகள் சட்டத்தில் இல்லை; அது 2016-இன் திவால் சட்டத் தொகுப்புக்குப் போய்விட்டது. அதன்படி, சேவை செய்து பணம் வராத நீங்கள் 'செயல்பாட்டுக் கடனீந்தவர்' (operational creditor). பிரிவு 8-இன் கீழ் நோட்டீஸ் கொடுத்து, 10 நாளில் பணமும் வராமல் தகராறு இருப்பதாகப் பதிலும் வராமல் போனால், பிரிவு 9-இன் கீழ் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

ஆனால் உங்களால் முடியாது. 2020 மார்ச் 24 முதல் குறைந்தபட்ச பாக்கி 1 கோடி ரூபாய். அதற்கு முன் 1 லட்சமாக இருந்தது. பணம் வராத கணக்கரையும் சப்ளையரையும் சேர்த்துக்கொண்டு ஒரு கோடி காட்டலாமா என்றால் அதுவும் நடக்காது. செயல்பாட்டுக் கடனீந்தவர் ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் வர வேண்டும்.

ஒரு கோடி பாக்கி இருந்திருந்தாலும் இந்த வழியை உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டேன். மனு ஏற்கப்பட்டதும் கம்பெனி மீதான எல்லா வழக்குகளும் வசூல் நடவடிக்கைகளும் நின்றுவிடும். கடைசியில் கலைப்பு வரை போனால், பிரிவு 53-இன் வரிசைப்படி செயல்முறைச் செலவு, தொழிலாளர் பாக்கி, அடமானம் வைத்திருக்கும் வங்கி, ஊழியர் சம்பளம், அடமானம் இல்லாத நிதிக் கடன், அரசு பாக்கி எல்லாம் முடிந்த பிறகுதான் உங்கள் முறை. உங்களுக்குப் பின்னால் நிற்பவர்கள் பங்குதாரர்கள் மட்டும்தான்.

அதனால் உங்கள் வழி சிவில் நீதிமன்றம். பீஸ் பற்றி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் உத்தரவு 37-இல் சுருக்க வழக்கு போடுங்கள். கம்பெனி தன் தரப்பைச் சொல்லவே நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். வாய்ப்பேச்சு மட்டும் என்றால் சாதாரண பண வழக்குதான். கம்பெனி சொத்துகளை விற்கப் பார்க்கிறது என்று காட்ட முடிந்தால், தீர்ப்புக்கு முந்தைய ஜப்திக்கு உத்தரவு 38, விதி 5 இருக்கிறது. வெறும் சந்தேகம் போதாது.

காலக்கெடு மூன்று வருடம். ஐந்து வருட வேலை என்கிறீர்கள், பழைய பில்கள் சில காலாவதியாகியிருக்கலாம். "அடுத்த மாதம் தருகிறோம்" என்ற மின்னஞ்சல் இங்கேதான் உதவும். மூன்று வருடம் முடிவதற்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். ஒவ்வொரு பில்லுக்கும் எந்த மின்னஞ்சல், எந்தத் தேதி என்று உட்கார்ந்து அட்டவணை போடுங்கள். அப்புறம், உங்கள் பெயரில் பிடித்துக் கட்டிய வருமான வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-ஐயும் பாருங்கள். கம்பெனி உங்கள் பீஸுக்கு வரி பிடித்துக் கட்டியிருந்தால், "இவரை நாங்கள் வைத்துக்கொள்ளவே இல்லை" என்று பிறகு சொல்ல வாய் வராது.

இதற்கிடையில் வங்கியோ வேறு யாரோ இந்தக் கம்பெனியைத் தீர்ப்பாயத்துக்கு இழுத்தால், பொது அறிவிப்பில் உள்ள கடைசித் தேதிக்குள் படிவம் 'பி'-இல் உங்கள் 18 லட்சத்தையும் கோரிக்கையாகப் பதிவு செய்யுங்கள். கோரிக்கை வைக்க ஒரு கோடி வரம்பெல்லாம் கிடையாது.