பாகம் மாற்றியாச்சு, லைன் வரவில்லை: வாசகர் கேள்விகள்

கே: கடையில் பில் போடும் கணினிக்கு மதர்போர்டு மாற்றினோம். நெட் வருகிறது. பழைய 192.168.1.20 ஐபி முகவரி எண்ணைப் போட்டால், வேறு அடாப்டருக்குக் கொடுத்தாயிற்று என்கிறது. மற்ற கணினிகளில் எங்கள் கோப்புறையும் தெரியவில்லை. (புக்கிட் மெர்தாஜாம்)

ப: லேன் சிப் (கம்பி வழி நெட் தரும் அடாப்டர்) போர்டிலேயே இருப்பதால் அதுவும் சேர்ந்து மாறிவிட்டது. விண்டோசுக்கு இது புது அடாப்டர். பழையதன் பதிவு அந்த எண்ணோடு இன்னும் உள்ளே கிடக்கிறது. பழையதிலிருந்து எண்ணை நீக்கவா என்று அதே அறிவிப்பு கேட்கும், 'யெஸ்' கொடுங்கள். அப்படியும் அடம்பிடித்தால் டிவைஸ் மேனேஜரில் 'வியூ' போய் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' அழுத்தி, 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' கீழே மங்கலாகத் தெரியும் பழைய லேன் பெயரை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். 'வான் மினிபோர்ட்' என்று வரிசையாக இருப்பவை விண்டோசுக்குச் சொந்தமானவை, தொடாதீர்கள்.

கோப்புறை தெரியாததற்குக் காரணம் வேறு. புது அடாப்டரைக் கண்டதும் விண்டோஸ் பெரும்பாலும் 'நெட்வொர்க் 2' என்று பெயர் வைத்து, அதைப் 'பப்ளிக்' (பொது இடத்து நெட்) ஆக்கிவிடும். விண்டோசின் பாதுகாப்புச் சுவரான ஃபயர்வால் உடனே கோப்புறைப் பகிர்வை அடைத்துவிடும். செட்டிங்ஸில் ஈதர்நெட்டுக்குள் போய் 'பிரைவேட்' ஆக்கினால் போதும். ஃபயர்வாலையே அணைத்து வைக்கச் சிலர் சொல்வார்கள். வாடிக்கையாளர் கணக்கு இருக்கும் கணினியில் அதைச் செய்யவே கூடாது.

ரவுட்டரில் மேக் எண்ணை (அடாப்டரின் தனி அடையாள எண்) வைத்து முகவரி ஒதுக்கியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். ஈதர்நெட் பக்கத்தில் 'ஃபிசிக்கல் அட்ரஸ்' வரியில் உள்ள 12 எழுத்தும் எண்ணும்தான் புது மேக்.

கே: ஏஎம்டி ரைசன் லேப்டாப்புக்கு இன்டெல் ஏஎக்ஸ் 201 வைஃபை கார்டு வாங்கிப் போட்டேன். கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கார்டு பழுதா? (பாயான் லெப்பாஸ்)

ப: பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. 201, 211 இரண்டிலும் வைஃபையின் பாதி வேலையை இன்டெல் சிப்செட்தான் செய்கிறது. ரைசனில் அந்தப் பாதி கிடையாது. சாக்கெட்டில் சரியாக உட்காருவதால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஏஎக்ஸ் 200 அல்லது 210 ஆக மாற்றித் தரச் சொல்லுங்கள், அவை ரைசனிலும் ஓடும். மாற்றும்போது முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். ஆன்டெனா வயர்களின் வட்டத் தலையைக் கார்டின் வட்டத்துக்கு நேர் மேலே வைத்து விரலால் அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். சாய்த்து அழுத்தினால் நடு ஊசி வளைந்துவிடும். பக்கத்து அறை ரவுட்டர் மட்டும் தெரிந்து, தூரத்தில் உள்ளவை காணாமல் போனால் வயர் சரியாக மாட்டவில்லை.

கே: இடியில் லேன் போர்ட் போனது. புது கார்டு போட்டும் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறவில்லை. (பட்டர்வொர்த்)

ப: கேபிளைப் பாருங்கள். 100-க்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் போதும். 1000-க்கு நீலமும் பழுப்பும் சேர்ந்து 8 கம்பியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி அறுந்தாலும் இரு பக்கமும் பேசிப் பெரும்பாலும் 100-க்கு இறங்கிவிடும். முதலில் வேறு கேபிள், அடுத்து ரவுட்டரின் வேறு போர்ட் என்று மாற்றிப் பாருங்கள். இடி ஒரு பக்கத்தோடு நிற்பதில்லை. ரவுட்டர் போர்ட்டும் அரைகுறையாகச் செத்திருக்கலாம். கேபிள் முனையில் பிளக்கை நீங்களே மாட்டினால் கம்பி வரிசை: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. ஜோடிக் கம்பிகளின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள்.

ஃபைபர் கண்ணாடி, அதில் மின்சாரம் வராது. இடி மின்சாரம் பெரும்பாலும் மோடத்தின் மின் அடாப்டர் வழியாக ஏறி, லேன் கம்பியில் ஓடிக் கணினிக்கு வருகிறது. மழை இருட்டியதும் பிளக்கோடு லேன் கேபிளையும் உருவிவிடுங்கள்.

கே: புது போர்டுக்கு லேன் டிரைவர் (லேன் சிப்பை இயக்கும் மென்பொருள்) இல்லை. டிரைவர் இறக்க நெட் இல்லை. (ஜார்ஜ்டவுன்)

ப: ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள், போனின் நெட் கணினிக்கு வரும். விண்டோஸ் பெரும்பாலும் தனி டிரைவர் கேட்காது. போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் அதே மாடலின் லேன் டிரைவரை இறக்குங்கள்.

கே: யூனிஃபை ஃபைபர் நெட்டுக்கு சொந்த ரவுட்டர் மாற்றினேன். வைஃபை உண்டு, நெட் இல்லை. (பிறை)

ப: ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால், ரவுட்டர் செட்டிங்ஸில் வான் (WAN, வெளி இணைப்பு) பக்கத்தில் பிபிபிஓஇ (பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் முறை) தேர்ந்தெடுத்து விலேன் (ஒரே கம்பியில் நெட், டிவி இரண்டையும் பிரிக்கும் எண்) 500 போட வேண்டும், டிவி பெட்டிக்கு 600. விலேன் இல்லாமல் பெயரும் கடவுச்சொல்லும் சரியாக இருந்தும் இணைப்பு ஏறாது. எம்டியு (ஒரு தடவை அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) 1492 ஆக இருக்கட்டும். சில தளங்கள் மட்டும் திறக்காமல் போவது பல வேளை அந்த எண் 1500 ஆக நிற்பதால்தான்.