சமைக்கத் தெரிந்தால் ஓட்டல் நடத்திவிட முடியுமா?

சமையல் தெரிவது பாதிதான். மீதி கணக்கு. முதலில் வேறொருவர் கடையில் ஆறு மாதமாவது வேலை பாருங்கள். அடுப்படியில் மட்டுமல்ல, கல்லாவிலும் ஸ்டோர் ரூமிலும்.

பணம் கசிவது பெரும்பாலும் கரண்டியில்தான். ஒரு தோசைக்கு 80 கிராம் என்று கணக்குப் போட்டால் 8 கிலோ மாவில் 100 தோசை வரும். மாஸ்டர் கை தாராளமாகி 95 கிராம் ஊற்றினால் 84தான். பதினாறு தோசை போன இடம் தெரியாது, யாரும் திருடவும் இல்லை! அதனால் கரண்டியை அளவு பார்த்து வாங்குங்கள், வாரம் ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள். சட்னி, சாம்பார், எண்ணெய் எல்லாம் சேர்த்து, பொருள் செலவு விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் வாடகையும் சம்பளமும் கையைக் கடிக்கும்.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமம் இல்லாமல் கடை திறக்காதீர்கள். அந்த 14 இலக்க எண் பில்லிலும் இருக்க வேண்டும். தங்கும் விடுதிக்குள் இல்லாத தனி உணவகங்களுக்கு ஜிஎஸ்டி 5%, ஆனால் பிரிட்ஜ் வாங்கும்போது கட்டிய வரியை அதில் கழிக்க முடியாது. முதலீட்டுக் கணக்கில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பொரிக்கும் எண்ணெயில் மொத்த துருவச் சேர்மங்கள், அதாவது எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அது கெட்டு உருவாகும் பொருட்கள், 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். கறுத்து, நுரைத்து, புகையும் எண்ணெயில் வடை போடாதீர்கள். சாப்பிட வருபவர் நம்மை நம்பித்தான் உட்காருகிறார்.

ஆறு மாத வாடகையும் சம்பளமும் தனியாகக் கையில் இருந்தால் மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள்.