ரத்தம் ஊறும் பாட்டில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுடையவை. சுருக்கியிருக்கிறேன்; பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: பால் கொடுக்கிறேன். இரும்புச்சத்து மாத்திரையை மூன்று மாதமாக விடாமல் காலை டீயோடு விழுங்குகிறேன். ரத்தம் ஏறவில்லை. இலவச மாத்திரை என்பதால் தரம் குறைவா? (தோட்டத் தொழிலாளி, குன்னூர் அருகே)

பதில்: மாத்திரையைச் சந்தேகிக்கும் முன் டம்ளரைச் சந்தேகியுங்கள். நீங்கள் பறிக்கும் இலையில் இருக்கும் டானின், இரும்பை உடலில் சேரவிடாது. டீக்கும் மாத்திரைக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ துணைக்கு இருந்தால் நல்லது. கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றுங்கள். ஒரு மாதம் இப்படிச் செய்தும் ஏறவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: குழந்தைக்கு ஐந்து மாதம். எனக்கு ஹீமோகுளோபின் 9.4. முகம் வெளிறி, தோல் வறண்டு, முடி கொத்தாக உதிர்கிறது. நர்ஸம்மா கொடுத்த சிவப்பு மாத்திரை வயிற்றைப் புரட்டியது, மலமும் கறுத்தது. பயந்து நிறுத்திவிட்டு, ‘இருபதே நாளில் ரத்தம் ஊறும்’ என்ற விளம்பரத்தை நம்பி 200 மி.லி. டானிக்கை 540 ரூபாய் வீதம் மூன்று பாட்டில் வாங்கினேன். இப்போது 9.5. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? லேபிளின் படம் இணைத்துள்ளேன். (இளம் தாய், கோத்தகிரி)

பதில்: கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அதற்கு முன் அந்த லேபிளை நாம் இருவரும் சேர்ந்து படிப்போம். இருபது வருடமாக எனக்கு ஆறாத எரிச்சல் இது.

பத்து மி.லி.யில் ‘ஃபெரஸ் குளுக்கோனேட் 40 மி.கி.’ என்று போட்டிருக்கிறார்கள். அது முழுவதும் இரும்பு அல்ல, இரும்பு சேர்ந்த உப்பு. 300 மி.கி. குளுக்கோனேட்டில் உண்மையான இரும்பு சுமார் 35 மி.கி.தான். அந்தக் கணக்கில் உங்கள் பத்து மி.லி.யில் ஐந்து மி.கி.கூட இல்லை. முழுப் பாட்டிலையும் கூட்டிப் பார்த்தால் தொண்ணூற்றுச் சொச்சம். நீங்கள் பயந்து நிறுத்திய சிவப்பு மாத்திரை ஒவ்வொன்றிலும் 60 மி.கி. இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. ஆக 540 ரூபாய்க்கு நீங்கள் வாங்கியது ஒன்றரை மாத்திரை. அதைப் பிரசவத்துக்குப் பின் 180 நாளைக்குக் காசில்லாமல் கொடுக்கிறார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். பொருள் பட்டியலை எடை அதிகமானதில் தொடங்கித்தான் எழுத வேண்டும் என்பது சட்டம். உங்கள் பாட்டிலில் முதலில் நிற்பது சர்க்கரைப் பாகு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருப்பதால் அது உணவுப் பண்டம். ரத்தசோகையைக் குணப்படுத்தும் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அதற்கு இல்லை. உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கும் இல்லை. என் மகளின் முதல் பிரசவத்தின்போது பேரீச்சை சிரப் ஒரு டஜன் வாங்கி அடுக்கினேன். பட்டியலில் சர்க்கரை முதலில், பேரீச்சை மூன்றாவது. பாதிப் பாட்டில்களை எறும்பு தின்றது.

மலம் கறுப்பது அந்த மாத்திரையின் இயல்பு, பயம் வேண்டாம். வயிறு புரட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட்டுப் பாருங்கள். அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் நர்ஸம்மாவிடம் சொல்லி மருந்தை மாற்றுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். மாத்திரை அட்டையைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், மிட்டாய் என்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. முடி உதிர்வதற்கு இரும்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பிள்ளை பெற்ற மூன்று நான்கு மாதத்தில் பலருக்கும் உதிரும், பிறகு முளைக்கும்.

ரசீது, பாட்டில், விளம்பரத்தின் படம், இரண்டு ரத்தப் பரிசோதனை அறிக்கைகள், எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அசையாவிட்டால் உதகையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: பால் கொடுக்கும்போது மார்பில் வெடிப்பு. சுத்தமான நீலகிரித் தைலம் பூசலாமா? எந்தக் கடையில் கலப்படமில்லாமல் கிடைக்கும்? (உதகை)

பதில்: கூடாது. கலப்படம் இல்லாதது இன்னும் மோசம்; குழந்தையின் வாயிலும் மூக்கிலும் போகும்.

கேள்வி: கர்ப்பத்தில் வந்த மங்கு கன்னத்தில் தங்கிவிட்டது. தெரிந்த பெண் ஒருவர் மலப்புறம் பக்கமிருந்து வாங்கிவந்த கிரீமை 700 ரூபாய்க்குக் கொடுத்தார். பத்தே நாளில் முகம் வெளுத்தது. நிறுத்தினால் சிவந்து எரிகிறது. டப்பாவில் தயாரிப்பாளர் பெயர் இல்லை. குழந்தைக்கு ஏதாவது ஆகுமா என்று தூக்கமில்லை. (கூடலூர்)

பதில்: அம்மா, உங்கள்மேல் தவறில்லை. தெரிந்தவர் கொடுத்தால் யாரும் நம்பத்தான் செய்வார்கள். பத்து நாளில் வெளுப்பதும் நிறுத்தினால் எரிவதும் ஸ்டீராய்டு கலந்த கிரீமின் குணம். பாதரசமும் இருக்கலாம், அது தாய்ப்பாலிலும் கலக்கும். 2023-இல் அதே மலப்புறம் மாவட்டத்தில் இத்தகைய கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகக் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. பூசுவதை இன்றே விடுங்கள். டப்பாவோடு தோல் மருத்துவரிடம் போங்கள், சிறுநீர்ப் பரிசோதனையும் கேளுங்கள். பாலை நிறுத்துவதா என்பதை அவர் சொல்லட்டும். அதுவரை குழந்தையின் கன்னம் உங்கள் கன்னத்தில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு டப்பாவை மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் கொடுங்கள். பெயரில்லாத கிரீமை விற்பதே குற்றம். மங்கு பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் மெல்ல மங்கும். வெயில்தான் அதற்கு எதிரி. மேடு ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடும், குளிர்வதால் நமக்கு உறைப்பதில்லை. குடையும் சன்ஸ்கிரீனும் போதும்.

கேள்வி: மனைவிக்கு ஹீமோகுளோபின் 12.1. நார்மல் என்கிறது ஆய்வகம். ஆனால் எப்போதும் களைப்பு. 4,500 ரூபாய்க்கு முழு உடல் பரிசோதனை எடுக்கச் சொல்கிறார்கள். முன்பணம் கட்டிவிட்டேன், ரசீது தரவில்லை. (உதகை)

பதில்: ரசீது வாங்காமல் கட்டிவிட்டு எனக்கு எழுதி என்ன பயன்? முதலில் அதை வாங்குங்கள். பன்னிரண்டு என்ற எல்லை கடல் மட்டத்துக்காரர்களுக்கானது. உதகை 2,240 மீட்டர் உயரம். இங்கே வாழ்பவர்களுக்கு ஹீமோகுளோபின் இயல்பாகவே கூடும், அதனால் சுமார் 1.4 கிராம் கழித்துத்தான் பார்க்க வேண்டும். உங்கள் மனைவிக்குக் குறைவு இருக்கலாம். உடலில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு இரண்டு பரிசோதனையும் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதற்கு 4,500 ஆகாது.

கேள்வி: தாய்க்கு ரத்தம் குறைவு, பாலில் சத்து இருக்காது, டின் பால் வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். (குன்னூர்)

பதில்: பொய். தாய்க்கு ரத்தசோகை இருந்தாலும் பாலில் உள்ள இரும்பு அதிகம் மாறுவதில்லை. குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும் கேழ்வரகு, முட்டை, கீரை என்று ஆரம்பியுங்கள். டின் பாலுக்கு விளம்பரம் செய்யவே 1992-ஆம் வருடச் சட்டம் தடை போட்டிருக்கிறது.

கேள்வி: இரும்புச் சட்டியில் சமைத்தால் ரத்தம் ஊறுமா? நல்ல சட்டியை எப்படிப் பார்த்து வாங்குவது? (வெலிங்டன்)

பதில்: புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு மாதிரி புளிப்புப் பதார்த்தம் செய்தால் கொஞ்சம் இரும்பு இறங்கும். மாத்திரைக்கு மாற்று ஆகாது. மேலே பூச்சு போட்ட சட்டியில் அதுவும் இறங்காது. கடைக்குப் போகும்போது ஒரு காந்தத்தைக் கொண்டுபோங்கள். 850 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய ‘பாட்டி காலத்து இரும்புச் சட்டி’ கறுப்புச் சாயம் பூசிய அலுமினியம். இரண்டாம் நாள் ரசத்தில் சாயம் மிதந்தது. இப்போது அதில் துளசி வளர்கிறது.