ஹார்மோன் தொடங்கி ஐந்து மாதம்: மகள் ஏன் இப்படி வாடிப்போகிறாள்?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. திருநங்கை. ஐந்து மாதமாக ஹார்மோன் மருத்துவர் எழுதிக்கொடுத்தபடி எஸ்ட்ராடையால் (எஸ்ட்ரோஜன் வகைப் பெண் ஹார்மோன்), சைப்ரோடெரோன் மாத்திரைகளை எடுத்துக்கொள்கிறாள். முதல் இரண்டு மாதம் வீடே கலகலவென்று இருந்தது. இப்போது எதற்கெடுத்தாலும் அழுகை, எரிச்சல், பகலெல்லாம் படுக்கை. ஒரு மாதத்துக்கு வாங்கும் எஸ்ட்ராடையால் இருபது நாளில் தீர்ந்துபோகிறது. "ஹார்மோன்தான் மூளையைக் கெடுக்கிறது, நிறுத்து" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். கோபத்தில் நானும் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுகிறேன். மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். அதே சமயம், அடுத்த பரிசோதனைக்குக் குறித்துக்கொடுத்த தேதி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். அவரிடம் சொல்ல வேண்டிய முக்கியமான இரண்டு விஷயங்கள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன: ஒன்று சைப்ரோடெரோன், இன்னொன்று அந்த இருபது நாள் கணக்கு.

முதலில் சைப்ரோடெரோன். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அடக்கத் தரப்படும் மருந்து இது. சோர்வும் மனச்சோர்வும் இதன் தெரிந்த பக்கவிளைவுகள். முன்பு நாளுக்கு 50 மில்லிகிராம், 100 மில்லிகிராம் என்றுகூட எழுதிக்கொடுத்தார்கள். எஸ்ட்ராடையாலும் சேர்ந்து எடுப்பவர்களுக்கு 10 முதல் 12.5 மில்லிகிராமே போதும் என்று பிறகு தெரிந்தது. மாத்திரை 50 மில்லிகிராமாக இருந்தால் அவள் எடுப்பது கால் பங்கா, முழு மாத்திரையா என்று பாருங்கள். முழுசு என்றால், குறைக்க முடியுமா, வேறு மருந்துக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் நேரடியாகவே கேளுங்கள். அதிக அளவில் வருடக்கணக்கில் எடுத்தால் மெனிஞ்சியோமா என்ற மூளையுறைக் கட்டி வரும் வாய்ப்பும் கூடுகிறது என்பதால், கேட்பதில் தயக்கமே வேண்டாம். ஆனால் நீங்களே திடீரென்று நிறுத்தினால், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி தடுமாறலாம். அளவைக் குறைப்பதும் மருத்துவர் சொல்கிறபடிதான்.

பலரும் கவனிக்காமல் விடும் இன்னொரு காரணம் உண்டு. உடம்புக்கு டெஸ்டோஸ்டிரோனோ எஸ்ட்ரோஜனோ, ஏதாவது ஒன்று போதிய அளவில் வேண்டும். முதலாவதை அடக்கியாயிற்று, இரண்டாவது இன்னும் ஆரம்ப அளவிலேயே நிற்கிறது என்றால், இரண்டும் இல்லாத நிலையில் உடம்பு மாட்டிக்கொள்ளும். அசதி, தூக்கக் கெடுதல், திடீர் திடீரென்று உடம்பு கொதிப்பது, எதிலும் ஆசையின்மை எல்லாம் அதில் வரும். இப்படியே நீண்டால் எலும்பும் பலவீனமாகும். இது ஹார்மோன் அதிகமானதால் வரும் தொல்லை அல்ல, போதாததால் வருவது. நிறுத்தினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் தவறிவிடுகிறார்கள்.

ஹார்மோன் போதவில்லையா என்று ரத்தப் பரிசோதனை காட்டிவிடும். பெரியவர்களுக்குப் பொதுவாக வைக்கும் இலக்கு: எஸ்ட்ராடையால் 100 முதல் 200 பிகோகிராம்/மில்லிலிட்டர், டெஸ்டோஸ்டிரோன் 50 நானோகிராம்/டெசிலிட்டருக்குக் கீழே. சில ஆய்வகங்கள் எஸ்ட்ராடையாலைப் பிகோமோல் கணக்கில் தரும். அதில் இதே இலக்கு ஏறத்தாழ 370 முதல் 730 வரை வரும். எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம், அலகைப் பாருங்கள். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை நடக்க வேண்டும். கடைசி மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டாள் என்று குறித்துக்கொடுங்கள். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைப்பவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் அளவு உச்சத்துக்குப் போய்ச் சீக்கிரமே இறங்கிவிடும். நேரம் தெரியாத அறிக்கையை வைத்து அளவைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. முடி வளரவென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாளா என்றும் கேளுங்கள். சில ஆய்வகக் கருவிகளில் அது ஹார்மோன் அளவைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். அதே ரத்தத்தில் தைராய்டு, பி12, ஹீமோகுளோபின், கல்லீரல் அளவுகளையும் பார்த்துவிடலாம். இந்த வயதுப் பெண்ணின் களைப்புக்குச் சில சமயம் காரணம் இவ்வளவு சாதாரணமானதாக இருக்கும்.

இனி இருபது நாளில் தீரும் மாத்திரை. அவள் தானாகவே கூடுதலாகப் போடுகிறாள் என்றுதான் தோன்றுகிறது. திட்டாதீர்கள். அவசரம்தான் காரணமாக இருக்கும். மார்பு வளர்ச்சி தொடங்கவே மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், முழுமையடைய இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். அளவை இரட்டிப்பாக்கினால் அந்த வேகம் கூடாது. கூடுவது ரத்தம் உறையும் அபாயம்தான், அதிலும் புகை பிடிப்பவராக இருந்தால் இன்னும் அதிகம். கருத்தடை மாத்திரையைச் சேர்த்து விழுங்குகிறவர்களும் உண்டு. அதில் பெரும்பாலும் இருக்கும் எத்தினைல் எஸ்ட்ராடையால் உறைகட்டியை வரவழைப்பதில் இன்னும் மோசம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ எந்த நேரமானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அவள் எதை எதிர்பார்த்து ஏமாந்தாள் என்றும் கேட்டுப்பாருங்கள். எஸ்ட்ரோஜன் ஒருமுறை உடைந்த குரலை மாற்றாது, அதற்குக் குரல் பயிற்சிதான் வழி. முகத்து முடியும் போகாது, அதற்கு லேசரோ மின்முறை முடி நீக்கமோ வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே யாரும் சொல்லாவிட்டால், நான்காவது ஐந்தாவது மாதத்தில் கண்ணாடிக்கு முன் நிற்பவர்கள் உடைந்துபோவதில் ஆச்சரியமில்லை.

சொந்தக்காரர்கள் சொல்வதற்கு வருகிறேன். அமெரிக்காவில் 12 முதல் 20 வயதுக்குட்பட்ட 315 பேரை ஹார்மோன் தொடங்கியதிலிருந்து இரண்டு வருடம் கவனித்து, 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாக மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன, வாழ்க்கையில் திருப்தி கூடியது. ஆனால் இந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது பிறப்பில் பெண் என்று பதியப்பட்டவர்களிடம்தான். உங்கள் மகளைப் போன்றவர்களிடம் அப்படித் தெரியவில்லை. இருவர் தற்கொலை செய்துகொண்டதையும் அந்த ஆய்வு மறைக்கவில்லை. சிகிச்சை பெறாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான இத்தகைய சிகிச்சை பற்றிய சான்றுகள் பலவீனமானவை என்று, இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவைக்காக குழந்தை மருத்துவர் ஹிலாரி காஸ் தயாரித்து 2024-இல் வெளியான காஸ் அறிக்கையும் சொன்னது. மூளையைக் கெடுக்கிறது என்பதற்கு இவை ஆதாரம் ஆகாது. ஆனால் ஹார்மோன் மனச்சோர்வுக்கான மருந்தும் அல்ல. வீட்டார் பழி முழுவதையும் அந்த மாத்திரைமேல் போடுகிறார்கள், பிள்ளை நம்பிக்கை முழுவதையும் அதன்மேல் வைக்கிறது. இரண்டையும் தாங்கும் வலு அதற்கு இல்லை.

எனவே மனநலத்தைத் தனியாகவே கவனியுங்கள். ஒரு நோட்டில் தினமும் இரவு மனநிலைக்கு 0 முதல் 10 வரை ஒரு எண், தூங்கிய நேரம், மாத்திரை போட்ட நேரம், அன்று நடந்தது ஒரு வரி என்று அவளே எழுதட்டும். நான்கு வாரம் போதும். நீங்கள் எடுத்துப் படிக்கக் கூடாது. மாத்திரையின் அளவு மாறிய நாட்களில் மனம் சரிகிறதா, கல்லூரியிலோ வீட்டிலோ சண்டை வந்த நாட்களில் சரிகிறதா என்று மருத்துவருக்கு அதில் தெரிந்துவிடும். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளையும் அவர் தரலாம். மொத்தம் 27-க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்குப் பூஜ்யம் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். நீங்களும் நேராகவே கேட்கலாம்: "சாகலாம்னு தோணுதா கண்ணு?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் பூட்டி வைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

பெயர் விஷயம் முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. 129 இளையோரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், வீடு, பள்ளி, வேலை, நண்பர்கள் என்று எத்தனை இடங்களில் தேர்ந்த பெயர் புழங்கியதோ அந்த அளவுக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் குறைவாக இருந்தன. கோபம் வரும்போது அவள் தேர்ந்த பெயரைச் சொல்லியே திட்டுங்கள்.

மனச்சோர்வு மாத்திரை எழுதிக்கொடுத்தால், ஹார்மோனோடு சேர்த்து எடுக்கலாமா என்று தயங்க வேண்டாம். வழக்கமாகத் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள் எஸ்ட்ராடையாலோடு பொதுவாக மோதுவதில்லை. ஆனால் வலிப்புக்கோ மனநிலை ஏற்றத்தாழ்வுக்கோ தரும் கார்பமசெபின் எஸ்ட்ராடையாலின் அளவை இறக்கிவிடும். அதைக் கொடுத்தால் இரு மருத்துவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மனச்சோர்வு மாத்திரையின் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்த முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும். அந்த நாட்களில் வாரம் ஒருமுறையாவது மருத்துவரிடம் பேசும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.