பழைய கேமராவுக்கு என்ன விலை? சேலம், ஏற்காடு நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பழைய டிஜிட்டல் கேமராக்களை வாங்கி, சரிபார்த்து விற்பது என் தொழில். ஆடி மாதம் நெருங்கிவிட்டது. சேலம் குகைப் பகுதியில் ஆடித் திருவிழாவில் நடக்கும் வண்டி வேடிக்கைக்கு (அலங்கார வண்டி ஊர்வலம்) முன்னால் கையில் ஒரு கேமரா இருக்க வேண்டும் என்று பலர் விசாரிக்கிறார்கள். விற்க நினைப்பவர்களும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அஸ்தம்பட்டி, கல்லூரி மாணவர்: அண்ணா, நிக்கான் டி5600 ஒன்று, இரண்டு லென்ஸோடு 32,000 ரூபாய் சொல்கிறார்கள். தேடிப் பார்த்தால் அதே கேமரா 38,000க்கும் இருக்கிறது, 24,000க்கும் இருக்கிறது. எதை நம்புவது?

தம்பி, நீங்கள் பார்த்ததெல்லாம் கேட்கிற விலை. கைமாறிய விலை வேறு. ஒரு கேமரா இரண்டு மாதமாக விற்காமல் அதே இடத்தில் நிற்கிறது என்றால், அந்த விலைக்கு யாரும் தயாராக இல்லை என்று அர்த்தம். சீக்கிரம் விற்றுப்போனவை என்ன விலைக்குப் போட்டிருந்தார்கள் என்று கவனியுங்கள். சமீபத்தில் வாங்கிய நண்பர்கள் நாலு பேரிடம் கேளுங்கள். கடைக்காரர் வாங்குகிற விலை என்ன, விற்கிற விலை என்ன என்று இரண்டையும் விசாரியுங்கள். தனி நபருக்குத் தனி நபர் விற்கும்போது விலை அந்த இரண்டுக்கும் நடுவில்தான் வர வேண்டும்.

அப்புறம் அந்த நடு விலையிலிருந்து கழிக்க ஆரம்பியுங்கள். பேட்டரி சீக்கிரம் இறங்குகிறதா? புது ஒரிஜினல் பேட்டரி விலையைக் கழியுங்கள். சென்சாரில் (படத்தைப் பதிவு செய்யும் சில்லு) அழுக்கா? சுத்தம் செய்யும் கூலியைக் கழியுங்கள். சார்ஜர் இல்லையா, அதையும் கழியுங்கள். விற்பவர் முன்னாலேயே, ஒவ்வொன்றையும் சொல்லிக் கழிக்க வேண்டும். காரணத்தோடு சொன்னால் கோபம் வராது. காரணமே இல்லாமல் “கடைசியா 20,000க்குத் தருவீங்களா” என்று கேட்டால்தான் பேச்சு முறியும். நியாயமான விலை என்று நான் சொல்வது இதைத்தான்: ஒவ்வொரு ஆயிரத்துக்கும் இரண்டு பக்கமும் காரணம் சொல்ல முடிய வேண்டும்.

“நான் 55,000 கொடுத்து வாங்கினேன்” என்று விற்பவர் சொல்வார். அந்த எண் உங்கள் கணக்கில் வராது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசை விற்கப் போனால் வெள்ளிக்குத்தான் காசு, செய்கூலி திரும்பாது. கேமராவிலும் அப்படித்தான், வரி, டப்பா, புதுசு என்ற பெயர், எல்லாம் முதல் நாளோடு போய்விடும். 2017 ஜூலை முதல் 2018 டிசம்பர் வரை வாங்கிய டிஜிட்டல் கேமரா என்றால் அந்த பில்லில் 28 சதவீதம் ஜிஎஸ்டியும் இருக்கும். அதன்பிறகுதான் 18 ஆகக் குறைந்தது.

சூரமங்கலம், திருமணப் புகைப்பட உதவியாளர்: சார், ஷட்டர் கவுண்ட் (ஷட்டர் இதுவரை எத்தனை முறை திறந்து மூடியது என்ற எண்ணிக்கை) எவ்வளவு இருந்தால் வாங்கலாம்? கேமராவில் ஃபைல் எண் 3,000தான் காட்டுகிறது, அவ்வளவுதான் எடுத்திருக்கிறார்கள் என்று சொல்கிறார்கள்.

ஃபைல் எண்ணை நம்பவே வேண்டாம். அது 9999 வரை போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். மெனுவில் போய் நாமே மாற்றியும் வைக்கலாம்.

நிக்கானில் உண்மையான எண்ணிக்கை ஒவ்வொரு படத்துக்குள்ளும் பதிவாகிறது. உங்கள் சொந்த மெமரி கார்டைப் போட்டு ஒரு படம் எடுங்கள். அந்தப் படத்தை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றி, எக்ஸிஃப் விவரம் (படத்தோடு கேமரா பதிந்து வைக்கும் தகவல்கள்) காட்டும் மென்பொருளில் பாருங்கள். வாட்ஸப்பில் படமாக அனுப்பச் சொல்லிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அனுப்பும்போதே அந்த விவரங்கள் அழிந்துவிடும். கேனான் டிஎஸ்எல்ஆர்களில் (உள்ளே கண்ணாடி உள்ள, லென்ஸ் மாற்றும் கேமராக்கள்) பெரும்பாலானவை படத்துக்குள் இதை எழுதுவதில்லை. யூஎஸ்பி கேபிளில் இணைத்து, அதற்கென்று உள்ள மென்பொருளில்தான் பார்க்க வேண்டும். லேப்டாப் கொண்டு வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்க வேண்டாம்.

கம்பெனிகள் எத்தனை முறைக்கு ஷட்டரைச் சோதித்திருக்கின்றன என்று தெரிந்தால் அந்த எண்ணுக்குப் பொருள் கிடைக்கும். டி5600, கேனான் 6டி ஆகியவற்றுக்கு 1 லட்சம். நிக்கான் டி750, கேனான் 5டி மார்க் 3 ஆகியவற்றுக்கு 1.5 லட்சம். நிக்கான் டி850, சோனி ஏ7 மார்க் 3 ஆகியவற்றுக்கு 2 லட்சம். அந்த எண்ணைத் தாண்டிய மறுநாளே ஷட்டர் உடைந்துவிடாது. தாண்டியும் பல ஆயிரம் ஓடுகிற கேமராக்கள் உண்டு. ஆனால் முக்கால்வாசி ஓடிவிட்டது என்றால், ஷட்டர் மாற்றும் செலவில் ஒரு பங்கையாவது விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் தொழிலில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கல்யாண வீடியோவுக்கு ஓடிய கேமராவில் ஷட்டர் கவுண்ட் குறைவாகவே இருக்கும். சென்சார் மட்டும் மணிக்கணக்கில் சூடாகியிருக்கும். அதனால் “வீடியோவுக்குப் பயன்படுத்தினீர்களா” என்று கேளுங்கள். லென்ஸ் மூடியைப் போட்டு, ஐஎஸ்ஓ (ஒளி உணரும் அளவு) 800ல், ஷட்டரை 30 விநாடி திறந்து வைத்து ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பு, நீலம், பச்சைப் புள்ளிகள் ஆங்காங்கே சில இருந்தால் பரவாயில்லை. கொட்டிக் கிடந்தால் விட்டுவிடுங்கள்.

ஏற்காடு, நாகலூர் பக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: என் கேமராவும் மூன்று லென்ஸ்களும் தோல் பையில் அலமாரியில் ஆறு வருடமாக இருக்கின்றன. விற்கலாம் என்று எடுத்துப் பார்த்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை போலத் தெரிகிறது. துடைத்தாலும் போகவில்லை. இனி விலை போகுமா?

ஐயா, அது பூஞ்சை. நாங்கள் ஃபங்கஸ் என்போம். மலைமேல் இருக்கிற லென்ஸ்களில் இதை நிறையப் பார்க்கிறேன். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து போகும். காற்றின் ஈரப்பதம் 60, 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை வளரத் தொடங்கும். இருட்டு அலமாரி அதற்கு வசதி. தோல் பை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் இன்னும் வசதி.

முதலில் மூன்று லென்ஸையும் பையிலிருந்து எடுத்துத் தனித்தனியாக வையுங்கள். பிறகு ஒரு டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து, முன்பக்கத்திலிருந்து சற்றுச் சாய்வாகப் பாருங்கள். உங்களுடையது கேனான் ஈஎஃப் (கேனான் டிஎஸ்எல்ஆருக்கான) லென்ஸாக இருந்தால், கழற்றி வைத்த நிலையில் உள்ளே ஒளி போகும் துளை பெரும்பாலும் முழுதாகத் திறந்தே இருக்கும். நிக்கானில் பல லென்ஸ்களுக்கு மூடியிருக்கும். பின்னாலுள்ள சிறு நெம்புகோலை மெதுவாகத் தள்ளினால் திறக்கும். பூஞ்சை முன்கண்ணாடியின் ஓரத்தில் கொஞ்சமாக இருந்தால் படத்தில் அநேகமாகத் தெரியாது. பின்கண்ணாடிகளில் இருந்தால் படம் வெளுத்து, மங்கும். விளக்கைப் பார்த்து எடுத்தால் இன்னும் மோசம்.

சர்வீஸ்காரர் லென்ஸைப் பிரித்துப் பூஞ்சையைத் துடைக்கலாம். ஆனால் அது வெளியிடும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் அந்தத் தடம் அப்படியே இருக்கும். இரண்டு கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் இடத்துக்குள் போயிருந்தால் எடுக்கவே முடியாது. வெயிலில் காய வைத்தால் சரியாகும் என்று சொல்வார்கள், செய்யாதீர்கள். அரித்தது திரும்ப வராது, லென்ஸும் சூடாகிக் கெடலாம்.

விற்பதற்கு ஒரே வழி உண்மையைச் சொல்வது. டார்ச் அடித்த நிலையில் படம் எடுத்து, வாங்குபவருக்கு முதலிலேயே காட்டுங்கள். சுத்தமான லென்ஸின் விலையிலிருந்து சர்வீஸ் கூலியைக் கழித்து, சரியாகாமல் போகக்கூடிய அபாயத்துக்காக இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். மலிவான கிட் லென்ஸ் (கேமராவோடு சேர்த்தே வருவது) என்றால் சர்வீஸ் கூலியே லென்ஸ் விலையைத் தாண்டிவிடும், அதைக் கேமராவோடு சும்மா கொடுத்துவிடலாம். விலை உயர்ந்த லென்ஸ் என்றால் முதலில் சுத்தம் செய்துவிட்டு, அந்த ரசீதோடு விற்பது லாபம்.

கேமராவை விற்க மனமில்லை என்றால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்), ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் போதும். 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். சிலிக்கா ஜெல்லை நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்த வேண்டும். மறந்துவிட்டால் டப்பாவே ஈரப்பெட்டியாகிவிடும்.

அம்மாப்பேட்டை: பில் இல்லை, டப்பா இல்லை, விலை மட்டும் பாதி. வாங்கலாமா?

டப்பா இல்லாதது ஒன்றுமில்லை. பில் இல்லை என்றால் முதலில் வாங்கியவர் யார் என்று விசாரியுங்கள். விற்பவரின் ஆதார் நகலில் கேமராவின் சீரியல் எண்ணை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். இதற்கெல்லாம் மறுத்து, பாதி விலைக்கும் தருகிறார் என்றால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் நேர்மையில்லாமலோ வாங்குவது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் குற்றம். நம்மிடமிருந்து கேமராவும் போகும், பணமும் போகும். அதைவிட, யாரோ ஒரு ஃபோட்டோகிராபரின் பிழைப்பு அது.

கண்ணங்குறிச்சி, பறவை பார்ப்பவர்: மூக்கனேரியில் பறவை எடுக்க 40,000 ரூபாய் வைத்திருக்கிறேன். நல்ல பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) வாங்கட்டுமா, நல்ல லென்ஸா?

லென்ஸ். பாடியின் விலை ஒவ்வொரு புது மாடல் வரும்போதும் சரியும், நல்ல லென்ஸ் மெதுவாகத்தான் இறங்கும். மறுபடி விற்கும்போது உங்களுக்கே புரியும்.

நீண்ட ஜூம் லென்ஸை வாங்கும்போது செங்கல் சுவரையோ அச்சடித்த தட்டியையோ நேராக நின்று எடுத்து, நாலு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் கீழே விழுந்த லென்ஸாக இருக்கலாம். மவுண்ட் பக்கம் (லென்ஸ் கேமராவில் மாட்டும் இடம்) இருக்கிற ஸ்க்ரூக்களைப் பாருங்கள், தலை தேய்ந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். நிக்கான் டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பாடியின் மோட்டாரை நம்பியிருக்கும் ஏஎஃப்-டி வகைப் பழைய லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். பறக்கிற பறவைக்கு அது உதவாது.

குகை, ஸ்டுடியோ உரிமையாளர்: கேனான் 5டி மார்க் 3, மூன்று ஈஎஃப் லென்ஸ்கள் இருக்கின்றன. மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கேமரா) மாறப் போகிறேன். மொத்தமாகக் கொடுப்பதா, தனித்தனியாகவா?

கேனான் மிரர்லெஸ்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் லென்ஸ்களை அவசரப்பட்டு விற்காதீர்கள். 2018ல் ஈஓஎஸ் ஆர் வந்தபோதே கேனான் அடாப்டரும் கொடுத்தது. ஈஎஃப் லென்ஸ்கள் அதில் ஆட்டோஃபோகஸோடு நன்றாக வேலை செய்கின்றன. அதனால்தான் அவற்றுக்கு இன்னும் கிராக்கி இருக்கிறது. பாடியை மட்டும் இப்போது விற்றுவிடுங்கள். அது 2012ல் வந்த மாடல், வைத்திருக்க வைத்திருக்க விலை இறங்கும். முழுவதையும் விற்பதாக இருந்தால் தனித்தனியாக விற்றால் மொத்தப் பணம் கூடுதலாகக் கிடைக்கும், நேரமும் அதிகம் பிடிக்கும். முகூர்த்த சீசனுக்கு முன்னால் கொடுங்கள், அப்போதுதான் வாங்க ஆள் வரும்.

ஃபேர்லேண்ட்ஸ், பள்ளி மாணவி: அங்கிள், வீட்டில் பழைய சின்ன டிஜிட்டல் கேமரா இருக்கிறது. இப்போது இதற்கெல்லாம் நல்ல விலை என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான் அம்மா. அந்தக் கால சிசிடி சென்சார் படங்களின் நிறம் உங்கள் வயதுக்காரர்களுக்குப் பிடித்துப்போயிருக்கிறது. ஆனால் முதலில் கார்டு எது என்று பாருங்கள். பழைய ஒலிம்பஸ், ஃபுஜிஃபில்ம் கேமராக்கள் பலவற்றுக்கு எக்ஸ்டி கார்டு வேண்டும், அது இப்போது தயாரிப்பில் இல்லை. எஸ்டி கார்டு போடுகிற கேமராவும், எஸ்டிஹெச்சி (கூடுதல் கொள்ளளவு எஸ்டி கார்டு) வந்த 2006க்கு முந்தையது என்றால் பெரும்பாலும் 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. 2000களின் நடுவில் பல கம்பெனிகளின் கேமராக்களில் இருந்த சோனி சிசிடிகள் சூட்டிலும் ஈரத்திலும் பழுதாகி, படம் ஊதா நிறமாகவோ கோடு கோடாகவோ வந்தது. எடுத்துப் பாருங்கள், படம் ஒழுங்காக வந்தால் விற்காமல் நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்பது என் ஆசை.

கொண்டலாம்பட்டி, இளைஞர்: அண்ணா, நானும் வாங்கி விற்கலாம் என்று இருக்கிறேன். எவ்வளவு லாபம் வைப்பது நியாயம்?

ஒரு உதாரணக் கணக்கு போடுகிறேன். 24,000க்கு வாங்குகிறீர்கள், 30,000க்கு விற்கிறீர்கள். 6,000 லாபம் என்று தோன்றும். சென்சார் சுத்தம், ஒரு பேட்டரி, பார்க்கப் போன பெட்ரோல் எல்லாம் சேர்த்து 2,500 போகட்டும். வாங்கியவருக்கு ஒரு மாதம் உத்தரவாதம் கொடுக்க வேண்டும். பத்தில் ஒன்று திரும்பி வரும் என்று வைத்து, ஒவ்வொரு கேமராவிலும் 1,000 ஒதுக்குங்கள். மிச்சம் 2,500. அது உங்கள் உழைப்புக்கான கூலி, அதை வாங்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. உத்தரவாதம் தராமல், சுத்தம்கூட செய்யாமல் அதே 6,000 வைத்தால்தான் தவறு.

ஜிஎஸ்டி பதிவு செய்தால் பழைய பொருள் வியாபாரத்துக்கு ஒரு சலுகை உண்டு. மத்திய ஜிஎஸ்டி (சிஜிஎஸ்டி) விதி 32(5)ன்படி, வாங்கும்போது உள்ளீட்டு வரி (வாங்கியபோது கட்டிய வரிக்கான கழிவு) எடுக்காமல் இருந்தால், முழு விலைக்கு இல்லாமல் விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி. மேலே சொன்ன கணக்கில் 6,000க்கு 18 சதவீதம், அதாவது 1,080 ரூபாய். அதையும் விலையில் சேர்த்தே யோசியுங்கள். ஒவ்வொரு கேமராவுக்கும் வாங்கிய விலை, சீரியல் எண், கொடுத்தவர் யார் என்று நோட்டுப் போட்டு எழுதுங்கள்.

விற்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் பொருளின் விலை தெரியாது. அப்பா போன பிறகு அவர் கேமராவை எடுத்துக்கொண்டு வரும் பெண்கள் உண்டு. 20,000 பெறுகிற லென்ஸை 3,000க்குக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அங்கே உண்மையான விலையைச் சொல்லிவிட்டு, உங்கள் கூலியை மட்டும் கழித்துக்கொண்டு பணம் கொடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை: தெரிந்தவர் ஒருவருக்கு நேரில் காட்டித்தான் விற்றேன். பத்து நாள் கழித்து எர்ரர் 01 வருகிறது, பணத்தைத் திருப்பிக் கொடு என்கிறார். கொடுக்க வேண்டுமா?

கேனானில் எர்ரர் 01 என்றால் பாடிக்கும் லென்ஸுக்கும் தொடர்பு அறுகிறது என்று அர்த்தம். முதலில் இரண்டிலும் உள்ள மின் தொடர்பு முனைகளை உலர்ந்த மென்மையான துணியால் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பல நேரம் அதோடு சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் வேறு லென்ஸ் மாட்டிப் பாருங்கள். அதில் வேலை செய்தால் பழுது லென்ஸில்; கிட் லென்ஸ்களில் உள்ளே இருக்கும் ஃப்ளெக்ஸ் கேபிள் (வளையும் தட்டைக் கம்பி) அறுவது சகஜம். விற்கும்போது இந்தப் பழுது உங்களுக்குத் தெரிந்திருந்தால் முழுப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள். தெரியாது என்றால், லென்ஸ் சர்வீஸ் செலவில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். அடுத்த முறை விற்கும்போது ஏழு நாள் சோதனைக்காலம், அதற்குள் வந்தால் முழுப் பணம் என்று ரசீதிலேயே எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.